பாட்டில் அணி எங்கே இருக்கிறது? பொருநைக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடிச் செய்யுள் வாசிக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தாங்களும் உட்கார்ந்துவிடும் ஆச்சிமார் என்று கலந்த கூட்டம். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வருகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகளை முடிந்தவரை நம் சீமைப் பாட்டுகளிலிருந்தே எடுத்திருக்கிறேன். ஆழ்வார்திருநகரியும் ஸ்ரீவைகுண்டமும் 1986இல் தூத்துக்குடி மாவட்டத்தோடும், குற்றாலமும் சென்னிகுளமும் 2019இல் தென்காசி மாவட்டத்தோடும் போய்ச் சேர்ந்துவிட்டன. நான் பழைய திருநெல்வேலிச் சீமைக் கணக்கில்தான் பேசுகிறேன்.

அணி என்றால் நகை என்கிறார்கள். அப்படியானால் அதைக் கழற்றி வைத்தாலும் பாட்டு பாட்டாகத்தானே இருக்கும்?

கழற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். எந்த அணியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு

இதிலிருந்து தீயை எடுத்துவிட்டால் ‘கடுஞ்சொல் மனத்தை விட்டுப் போகாது’ என்ற செய்தி மிஞ்சும். செய்தி சரிதான். ஆனால் அடுப்பில் கைபட்ட ஞாபகம் போய்விட்டது. இன்னொன்றும் போய்விட்டது. தீ சுட்டதைப் ‘புண்’ என்றவர், நாக்கு சுட்டதை ‘வடு’ என்கிறார். புண்ணுக்கு ஆறுகிற காலம் ஒன்று உண்டு. வடு ஆறி முடிந்த பிறகும் நிற்பது. நாக்கு சுட்டால் ஆறுகிற காலமே கிடையாது, சுட்ட அன்றைக்கே தழும்பு என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. முதலில் இரண்டும் சுடும் என்று ஒப்புமை காட்டிவிட்டு, பிறகு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதால் இதற்கு வேற்றுமை அணி என்று பெயர்.

நான் படித்த காலத்தில் ‘அணி இலக்கணம், எடுத்துக்காட்டு, பொருத்தம்’ என்று மூன்று தலைப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். புண்ணுக்கும் வடுவுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, நானே வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அது எனக்குத் தட்டுப்பட்டது. அந்த நஷ்டம் இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மொத்தம் எத்தனை அணிகள்?

நூலுக்கு நூல் வேறுபடும். தொல்காப்பியம் உவமை ஒன்றுக்குத்தான் தனி இயல் வைத்தது. 12ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் பொருளணி 35 என்று எண்ணியது. 16ஆம் நூற்றாண்டில் நம் ஆழ்வார்திருநகரியில் இருந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர் அதை 64 ஆக்கினார். அவர் நூலின் பெயர் மாறனலங்காரம். மாறன் என்பது நம்மாழ்வார். அணி இலக்கணம் சொல்ல ஒரு நூல் எழுதி, அதற்குத் தம் ஊர் ஆழ்வாரின் பெயரை வைத்து, எடுத்துக்காட்டுப் பாட்டுகளிலும் அவரையே பாடியிருக்கிறார். இலக்கண நூல் என்றால் வறண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

35, 64 என்ற எண்களை மனப்பாடம் செய்வதால் பாட்டு புரியாது. பத்துப் பன்னிரண்டு அணிகளை நன்றாக உணர்ந்தவருக்கு மற்றவை தாமாகப் பிடிபடும்.

உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் எப்படிச் சொன்னாலும் குழப்பமாக இருக்கிறதே?

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. சொல்லின் வரிசையைப் பார்த்தாலே போதும். ‘தாமரை முகம்’ என்றால் தாமரை போன்ற முகம், உவமை. ‘முகத்தாமரை’ என்றால் முகம் ஆகிய தாமரை, உருவகம். முதலாவதில் தாமரை தள்ளி நிற்கிறது. இரண்டாவதில் முகமே தாமரையாகிவிட்டது.

ஆனால் வரிசையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். உருவகம் ஒரு வேலையைத் தொடங்கினால் அதைத் தொடர்ந்து செய்யவேண்டிய கட்டாயம் வந்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் ‘அகந்தைக் கிழங்கை அகழ்ந்தெடுக்கும் தொழும்பர்’ என்கிறார். அகந்தை ஆகிய கிழங்கு. ஏன் கிழங்கு? ‘அகந்தை மரம்’ என்று சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போகும்?

இந்தக் கேள்விக்குத் திண்ணையில் பதில் சொன்னது, பொங்கலுக்குப் பனங்கிழங்கு தோண்டிப் பழகிய ஒரு ஆச்சி. “மரம்னா வெட்டிப் போட்டுரலாம். கிழங்கு வெளிய தெரியாதுல்லா. நாம இல்லன்னு நெனைப்போம், மண்ணுக்குள்ள அது பாட்டுக்கு ஊறிக்கிட்டுக் கெடக்கும்” என்றார்கள். அவ்வளவுதான் விளக்கம். அகந்தையும் அப்படித்தான், இல்லை என்று நினைத்திருக்கும்போதே உள்ளே பருத்துக்கொண்டிருப்பது. அதனால்தான் குமரகுருபரர் ‘வெட்டி’ என்று சொல்லவில்லை, ‘அகழ்ந்து’ என்றார். கிழங்கு என்று உருவகித்த பிறகு அதற்கு ஏற்ற வினை அகழ்தல்தான். உருவகம் சரியாக அமைந்ததா என்று பார்க்க, அதோடு வரும் வினைச்சொல்லைப் பாருங்கள்.

‘போல’ என்று வந்தால் அது உவமை அணிதானா?

இல்லை. ‘அண்ணனைப் போலத் தம்பியும் எட்டாம் வகுப்பு படிக்கிறான்’ என்பதில் போல இருக்கிறது, அணி இல்லை. ஒரே இனத்தை ஒரே இனத்தோடு வைத்துச் சொன்ன தகவல் அது. வேறு இனத்துப் பொருளைக் கொண்டுவந்து, இரண்டுக்கும் பொதுவான ஒன்றைக் காட்ட வேண்டும். அந்தப் பொதுவானது நாலு வகையில் வரும் என்று தொல்காப்பியம் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை; மழை போலக் கொடுத்தான் என்றால் பயன்; துடி போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம்; பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம்.

எதுகை, மோனை எல்லாம் எழுத்துக் கணக்குத்தானே? அதை ஏன் அழகு என்கிறீர்கள்?

கண்ணால் பார்த்தால் கணக்கு மாதிரிதான் தெரியும். வாய்விட்டுச் சொன்னால் வேறு. கீழே இருப்பது நம்மாழ்வார் பாடிய திருவாய்மொழியின் முதல் பாசுரம். மனத்துக்குள் வாசிக்க வேண்டாம், குரல் எடுத்துச் சொல்லுங்கள்.

உயர்வற உயர்நலம் உடையவன் யவனவன்
மயர்வற மதிநலம் அருளினன் யவனவன்
அயர்வறும் அமரர்கள் அதிபதி யவனவன்
துயரறு சுடரடி தொழுதெழென் மனனே

உயர், மயர், அயர், துயர். நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து ‘ய’. முதல் எழுத்தும் நான்கிலும் குறிலாக அளவு ஒத்து நிற்கிறது. இது எதுகை. ஓர் அடிக்குள் பாருங்கள்: உயர்வற, உயர்நலம், உடையவன். மூன்றாம் அடியில் அயர்வறும், அமரர்கள், அதிபதி. இது மோனை. நான்காம் அடியில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள்: துயரறு, சுடரடி, தொழுதெழு. ‘து’வும் ‘சு’வும் எப்படி மோனை ஆகும் என்று கேட்பார்கள். தகரமும் சகரமும் மோனைக்கு உறவு எழுத்துகள். ஞ, ந ஒரு ஜோடி. ம, வ இன்னொரு ஜோடி. உயிரில் உ, ஊ, ஒ, ஓ ஒரு குடும்பம். காது இவற்றை நெருங்கிய சொந்தமாக ஏற்றுக்கொள்கிறது.

முதல் மூன்று அடியும் ‘யவனவன்’ என்று முடிவதை இயைபு என்பார்கள். அடியின் கடைசியில் ஒலி ஒத்து வருவது அது. சினிமாப் பாட்டு கேட்டுப் பழகிய காதுக்கு இயைபுதான் முதலில் கேட்கும். பழைய செய்யுளில் பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில்தான் ஒலி ஒக்கும். அதனால் புதிதாக வாசிக்கிறவர்கள் இடது ஓரத்தைக் கவனியுங்கள் என்று சொல்வேன்.

இனி இந்தப் பாசுரத்தைக் கழற்றிப் பார்க்கும் முறை. முதல் மூன்று அடியும் ‘யவனவன்’, அதாவது ‘எவனோ அவன்’ என்று கேள்வியை எழுப்பிக்கொண்டே போகின்றன. நான்காம் அடியில் அந்தச் சொல் வரவில்லை. ‘என் மனனே’ என்று ஒலி மாறிவிடுகிறது. மூன்று முறை ஏறிய அலை நாலாவது முறை காலடியில் வந்து விழுகிற மாதிரி. இயைபு மூன்றோடு நின்றதால்தான் அந்தத் தொழுகை நமக்குக் கேட்கிறது.

அந்தாதி என்பது ஓர் அணியா?

அணி இல்லை, தொடை வகை. எதுகை, மோனை போலப் பாட்டைத் தொடுக்கிற முறை. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லோ எழுத்தோ அடுத்த பாட்டின் முதலாக வரும். மேலே உள்ள பாசுரம் ‘மனனே’ என்று முடிந்ததா? அடுத்தது ‘மனனகம் மலமற’ என்று தொடங்கும். இப்படியே 1102 பாசுரங்களும் சங்கிலியாகப் போகும். கடைசிப் பாசுரம் ‘பிறந்தார் உயர்ந்தே’ என்று முடியும். முதல் பாசுரம் ‘உயர்வற’ என்று தொடங்கியது. ஆக, முடிவு தொடக்கத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. மண்டலித்தல் என்று இதைச் சொல்வார்கள்.

ஓலையில் எழுதி, வாயால் ஓதிக் காப்பாற்றிய காலத்தில் இது பெரிய காவல். நடுவில் ஒரு பாட்டு விட்டுப்போனால் சங்கிலி அறுந்தது உடனே தெரியும். பாட்டின் கடைசியில் புலவர் தம் பெயரைப் பதிக்கும் முத்திரையும் அப்படிக் காவல் காத்திருக்கிறது. திருவாய்மொழியின் ‘ஆராவமுதே’ என்ற பதிகத்தைச் சிலர் பாடக் கேட்ட வைணவ ஆசாரியர் நாதமுனிகள், அதன் கடைசியில் ‘குருகூர்ச் சடகோபன்’, ‘ஓராயிரத்துள் இப்பத்தும்’ என்று வந்ததைக் கவனித்தார். சடகோபன் என்பதும் நம்மாழ்வார்தான். பத்து இங்கே இருக்கிறதென்றால் ஆயிரம் எங்கே என்று தேடிக் குருகூருக்கே வந்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. குருகூர் நம் ஆழ்வார்திருநகரி. நூல் முழுவதும் கிடைத்ததற்கு வழிகாட்டியதாக மரபு சொல்வது ஒரு முத்திரை வரியை.

நூறு வருஷத்துக்கும் முன்னால் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) காவடிச்சிந்தில் ‘சென்னி குளநகர் வாசன், தமிழ் தேறும் அண்ணாமலை தாசன்’ என்று பதித்ததும் முத்திரைதான். வாசன், தாசன் என்ற இயைபுக்குள்ளேயே ஊரும் பேரும் உட்கார்ந்துவிட்டன.

உயர்வு நவிற்சி என்றால் பொய் சொல்வதுதானே? அதை ஏன் ரசிக்க வேண்டும்?

இதைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பையன். நேர்மையான கேள்வி. பதிலுக்குக் குற்றாலத்துக்குத்தான் போகவேண்டும்.

தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில், குறத்தி தன் மலையைப் பற்றிச் சொல்வதாகப் பாடுகிறார்:

தேனருவித் திரையெழும்பி வானின்வழி ஒழுகும்
செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்

தேனருவியின் அலை எழும்பி வானத்து வழியில் ஒழுகுகிறது. அதனால் சூரியனுடைய குதிரைகளின் காலும் தேரின் சக்கரமும் வழுக்குகின்றன. நடக்கிற காரியமா? இல்லை. ஆனால் ‘வழுகும்’ என்ற சொல்லைப் பாருங்கள். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போன யாருக்கும் அந்தச் சொல் பாதத்தில் தெரியும். பாசி பிடித்த பாறையில் விரலை ஊன்றி ஊன்றி, பக்கத்தில் நிற்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்திருப்போம். நமக்கு வழுக்கியது சூரியனின் குதிரைக்கும் வழுக்குகிறது. மிகைப்படுத்தியது உயரத்தைத்தான், வழுக்கல் முழு உண்மை. நல்ல உயர்வு நவிற்சிக்குள் இப்படி ஒரு சின்ன உண்மை இருக்கும். அது இல்லாமல் ‘மலை வானத்தைத் தொட்டது’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் பெரிய பேச்சு.

திண்ணையில் இந்த வரிகளைக் கழற்றிப் பார்த்தோம். ‘குற்றால மலை மிக உயரமானது, அங்கே அருவி உண்டு’ என்று எழுதி வைத்துவிட்டு என்ன குறைகிறது என்று கேட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சொன்னது: “நனையாம போயிரும்லா டீச்சர்.”

குறத்தி சொல்கிறாள் என்பதையும் மறக்கக்கூடாது. பாட்டு ‘மலை எங்கள் மலையே’ என்று முடியும். சொந்த ஊரைப் பற்றி வேற்றூர்க்காரரிடம் பேசும்போது யார்தான் அளந்து பேசுகிறோம்? அந்தப் பெருமிதம் அவள் வாய்க்குப் பொருத்தமாக இருக்கிறது. யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் அணியை மட்டும் பிரித்தால் பாதிதான் கிடைக்கும்.

ஒப்பிடவும் இல்லை, மிகைப்படுத்தவும் இல்லை. அப்படியும் ஒரு பாட்டு அழகாக இருக்குமா?

இருக்கும். தன்மை நவிற்சி என்று அதற்குப் பெயர். உள்ளதை உள்ளபடி சொல்வது. சொல்லும்போது சுலபம், செய்யும்போது எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான் என்பது என் எண்ணம். தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கூடும் சீவலப்பேரிப் பக்கத்தைப் பாடிய முக்கூடற்பள்ளு:

ஆற்றுவெள்ளம் நாளைவரத் தோற்றுதே குறி – மலை
யாளமின்னல் ஈழமின்னல் சூழமின்னுதே
நேற்றுமின்றும் கொம்புசுற்றிக் காற்றடிக்குதே – கேணி
நீர்ப்படு சொறித்தவளை கூப்பிடுகுதே

வெள்ளம் வரப்போகிறது என்பதற்கு அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். மேற்கே மலையாளத்துப் பக்கம் மின்னுகிறது. கிழக்கே ஈழத்துப் பக்கமும் மின்னுகிறது. மரக்கொம்பைச் சுற்றிக் காற்று அடிக்கிறது. கிணற்றில் தவளை கூப்பிடுகிறது. ஓர் உவமை கிடையாது. ஆனால் இந்தப் பாட்டைப் பாடுகிறவர் எந்த ஊரில் நிற்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். மேற்கு மலைக்கு அப்பால் மலையாளமும் கிழக்குக் கடலுக்கு அப்பால் ஈழமும் இருக்கிற இடம் நம்முடையது. இரண்டு பக்க மின்னலையும் ஒரே வரியில் சேர்த்துப் பார்க்கிற கண் வயலில் வேலை செய்கிறவருடைய கண். விதை நேரம் அதில் அடங்கியிருக்கிறது.

அலங்காரமே இல்லை என்றேன். ஆனால் ஆற்று, தோற்று, நேற்று, காற்று என்று ஒலி உள்ளே ஓடிக்கொண்டே இருப்பதையும் கேட்டீர்களா?

பழமொழியில், விடுகதையில் எல்லாம் அணி உண்டா?

நிறைய. ‘பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது’ என்கிறோம். நரியைப் பற்றியா பேசுகிறோம்? மிரட்டலுக்குப் பயப்படாத ஒரு மனுஷரைப் பற்றி. அந்த மனுஷரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நரியை மட்டும் சொல்லி நிறுத்துகிறோம். இது பிறிது மொழிதல். தண்டியலங்காரம் இதை ஒட்டு என்று சொல்லும். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளும் இதே வகை. மயிலிறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். சொல்லவந்தது, எளியவர்தானே என்று அளவு மீறிப் பகை சேர்க்கும் அரசனை. ஆனால் குறளில் வண்டிதான் வருகிறது, அரசன் வரவே இல்லை.

பனங்காட்டுக்குள் நடந்தவர்களுக்குத்தான் அந்தப் பழமொழியின் முழு ருசி தெரியும். காய்ந்த ஓலை காற்றில் உரசும்போது பின்னால் யாரோ வருகிற மாதிரியே கேட்கும். அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த நரிக்கு அது ஒரு பொருட்டா?

விடுகதை, பாதி மறைத்த உருவகம். ‘வெள்ளை ராஜாவுக்குக் கறுப்பு உடை’ என்றால் உளுந்து. உளுந்தை மறைத்துவிட்டு ராஜாவை மட்டும் காட்டுகிறோம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைகளிடம் இதைப் போட்டுப் பாருங்கள்.

‘அல்வா கொடுத்துட்டான்’ என்பது என்ன அணி?

மரபுத்தொடர். ஒரு காலத்தில் உருவகமாக இருந்து, பழகிப் பழகித் தேய்ந்தது. சொல்கிறபோது யாருக்கும் அல்வாவின் ருசி நினைவுக்கு வருவதில்லை. ஊசிக்காது, மேசைக்கால், குடத்து வாய் எல்லாம் இப்படித் தேய்ந்தவைதான்.

சிலேடை வெறும் சொல் விளையாட்டா?

பல சமயம் ஆம், அதில் தப்பும் இல்லை. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் கட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது

பாம்பு ஆடி முடித்துக் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குள் போகும். பாம்பு ஆடும்போது சீறும். செக்கு ஆடும்போது இரையும். குடத்தைத் திறந்தால் பாம்பு முகம் காட்டும். எண்ணெயில் நம் முகம் தெரியும். இரண்டுமே மண்டையில் பட்டால் பரபரக்கும். பாம்புக்குப் பிளந்த நாக்கு, எள்ளுக்குப் பிண்ணாக்கு. இதைச் சொல்லும்போது செக்கு ஓடுவதைப் பார்த்த பெரியவர்கள் சிரிப்பார்கள், பிள்ளைகள் முழிப்பார்கள். செக்கு தெரியாமல் இந்தச் சிலேடை திறக்காது. ஆகவே அருஞ்சொற்பொருளுக்குப் பதிலாக ஒருநாள் பிள்ளைகளை மரச்செக்கு ஓடும் இடத்துக்கே கூட்டிப்போனேன். எண்ணெய்ப் பாத்திரத்தில் முகத்தைப் பார்த்ததும் அவர்களே வரியைச் சொல்லிவிட்டார்கள்.

உயிரில்லாத பொருள் பேசினால், அழுதால், அது தற்குறிப்பேற்றம்தானே?

இதில் தப்பு செய்யாதவர்கள் குறைவு. தற்குறிப்பேற்றத்துக்கு இரண்டு பாகம் வேண்டும். முதலில், தானாக நடக்கிற ஓர் இயற்கைச் செயல். அடுத்து, அதற்குக் கவிஞர் ஏற்றிச் சொல்லும் காரணம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. அது தானாக நடப்பது. அதை இளங்கோ, ‘வாரல் என்பன போல் மறித்துக் கைகாட்ட’ என்கிறார். வராதீர்கள் என்று கை காட்டுவது போல. கதை தெரிந்த நமக்கு நெஞ்சு பதைக்கிறது. நடந்து போகிற அவர்களுக்குத் தெரியவில்லை.

‘பனை சிரித்தது’ என்றால் அது வெறும் கற்பனை. ‘காற்றில் ஓலையை ஆட்டி ஆட்டி, ஏறுவதற்கு ஆள் இல்லாத பனை வழியில் போகிறவரைக் கூப்பிடுகிறது’ என்றால் தற்குறிப்பேற்றம். ஓலை ஆடுவது இயல்பு. கூப்பிடுவது நாம் ஏற்றியது. எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையேறிகள் குறைந்துபோனதைப் பார்த்த மனசுக்கு அந்தக் காரணம் தானாகவே தோன்றும்.

சங்கப் பாட்டில் வரும் மீனும் பழமும் வெறும் வருணனைதானா?

பல இடங்களில் இல்லை. அங்கேதான் உள்ளுறை உவமம் இருக்கிறது. தமிழ்க் கவிதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குறுந்தொகை 8ஆம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்

வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே உதிர்ந்த பழத்தை, குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன். இதைச் சொல்பவள் பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப்போன பெண். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டுச் சொல்கிறாள். அவனைப் பற்றி அவள் ‘நான் வலிய இழுக்கவில்லை, அவனாகவே வந்தான்’ என்று வாதாடவில்லை. பழம் தானே விழுந்தது, மீன் கவ்வியது, அவ்வளவுதான் சொன்னாள். ஊரைச் சொல்கிற மாதிரி வழக்கையே சொல்லி முடித்துவிட்டாள். உவமையில் இரண்டு பக்கமும் வெளியே தெரியும். உள்ளுறையில் ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கத்தைக் கேட்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நிலத்தின் மரம், மீன், பறவை ஆகிய கருப்பொருள்களை வைத்தே அது வரும்.

அதே பாட்டில் பின்னால் வெளிப்படையான உவமையும் வருகிறது. நம்மிடம் பெரிய வார்த்தை பேசியவன், தன் வீட்டுக்குப் போனால் மகனின் தாய் சொன்னபடியெல்லாம் ஆடுகிறான். நாம் கையைத் தூக்கினால் கையைத் தூக்கும் ‘ஆடிப்பாவை போல’. ஆடி என்றால் கண்ணாடி. தனக்குச் சாதகமானதைப் பழத்துக்குள் ஒளித்துச் சொன்னவள், அவனைப் பரிகசிப்பதை மட்டும் எல்லோருக்கும் புரிகிற உவமையில் போட்டு உடைக்கிறாள். எதை மறைக்க எந்த உத்தி, எதை வெளியே சொல்ல எந்த உத்தி என்று எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்!

நம் பக்கத்துக் குளத்தாங்கரையில் மாமரம் சாய்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை. பழம் தண்ணீரில் விழும் ‘தொபுக்’ சத்தம் தெரிந்தால் போதும்.

போட்டித் தேர்வுக்குச் சீக்கிரம் அடையாளம் காண வழி சொல்லுங்கள், டீச்சர்.

சரி. ‘போல’ மாதிரி உவம உருபு வெளிப்பட்டால் உவமை. இரண்டு வாக்கியம் இருந்து நடுவில் உருபு மறைந்தால் எடுத்துக்காட்டு உவமை. ‘அகர முதல’ நினைவில் வையுங்கள். உலகத்தில் இல்லாததை உவமையாக்கினால் இல்பொருள் உவமை. பாலை நிலத்தில் வற்றல் மரம் தளிர்த்த குறள். ‘அன்பும் அறனும்’, ‘பண்பும் பயனும்’ என வரிசைக்கு வரிசை பொருந்தினால் நிரல்நிறை. புகழ்வது போலப் பழித்தால் வஞ்சப்புகழ்ச்சி. ‘தேவர் அனையர் கயவர்’. இது தேர்வுக்கு. தேர்வு முடிந்த மறுநாள் இந்தக் குறள்களை மறுபடி ஒருதரம் நிதானமாக வாசியுங்கள்.

பாரதியின் ‘அக்கினிக் குஞ்சு’ உருவகமா, குறியீடா?

இரண்டும். அக்கினி ஆகிய குஞ்சு என்ற அளவில் உருவகம். நெருப்பைக் குஞ்சு என்றதும் அதற்கு ஒரு பொந்து தேவைப்படுகிறது. ‘காட்டிலோர் பொந்திடை வைத்தேன்’ என்கிறார். கிழங்குக்கு அகழ்தல் போலக் குஞ்சுக்குப் பொந்து. ஆனால் வெந்து தணிந்த காடு எது, குஞ்சு எது என்று அவர் சொல்லவில்லை. விடுதலை என்பார் ஒருவர், ஞானம் என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் பாட்டு இடம் கொடுக்கிறது. உருவகத்தில் இது இன்னது என்று சொல்லிவிடலாம்; குறியீட்டில் அந்தக் கதவு திறந்தே இருக்கும். 1882இல் எட்டயபுரத்தில் பிறந்து திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர் இப்படிச் சில அடியிலேயே ஒரு காட்டை எரித்துக் காட்டினார் என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கிறது.

கொடை விழா வில்லுப்பாட்டில் இதெல்லாம் உண்டா?

உண்டு. அதோடு அச்சில் வராத ஓர் உத்தியும் உண்டு: பின்பாட்டு. முன்னால் பாடுகிறவர் ஒரு வரி சொல்ல, பின்னால் இருப்பவர்கள் ‘ஆமா’ என்று வாங்கிக்கொள்வார்கள். கதையில் கொலை வருகிற இடத்தில் அந்த ‘ஆமா’வின் குரல் தாழ்வதைக் கேட்டிருக்கிறீர்களா? குடத்தின் ஓசையும் கூடவே அடங்கும். அதையெல்லாம் ஏட்டில் எழுத முடியாது. போய்க் கேட்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எந்தப் பாட்டில் தொடங்க?

குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்து முதல் பாட்டில் தொடங்குங்கள்.

நீரிற் குமிழி இளமை நிறைசெல்வம்
நீரிற் சுருட்டும் நெடுந்திரைகள் – நீரில்
எழுத்தாகும் யாக்கை நமரங்காள் என்னே
வழுத்தாத தெம்பிரான் மன்று

இளமை நீர்க்குமிழி, செல்வம் நீரின் அலை, உடம்பு நீரில் எழுதிய எழுத்து. நம்மவர்களே, இறைவனின் மன்றத்தை ஏன் வாழ்த்தாமல் இருக்கிறீர்கள் என்கிறார். வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டாம். குறுக்குத்துறைப் படித்துறைக்குக் கூட்டிப்போங்கள். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் பார்த்து வளர்ந்த அதே ஆறுதான். குமிழியும் அலையும் அங்கேயே இருக்கும், காட்டினால் போதும். பிறகு கடைசிப் படியில் உட்காரவைத்து, ஆள்காட்டி விரலால் தண்ணீரில் தன் பெயரை எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது எழுத்துக்குப் போகும்போது முதல் எழுத்து இருக்காது. பிள்ளை திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது பாட்டைச் சொல்லுங்கள்.